நாலாவது சுற்று

இம்ரான் அந்த ஜிம்முக்கு மொத்தம் நான்கு முறைதான் வந்தான். முதல் மூன்று முறையும் வனேசா அவனுக்குச் சரியாகவே சொல்லிக்கொடுத்தாள். பிறகு போலீசிடம் இதைச் சொல்லத் தொடங்கியவள், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று பாதியில் நிறுத்திவிட்டாள். ஆனால் அது உண்மைதான்.

ஜிம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. முதலாளி ஜெயராஜ். வனேசா அங்கே ஆறு வருஷமாகப் பயிற்சியாளர். முப்பத்தொரு வயது. பள்ளிக்கூட நாட்களில் சிலாங்கூர் மாநிலத்துக்காகப் பளு தூக்கியவள். இருபது வயதில் தோள்மூட்டு விலகியது. அதோடு போட்டி முடிந்தது. அப்புறம் ஒரு வார இறுதியில் நடந்த வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, தெரிந்த ஒரே வேலையைத் தொழிலாக்கிக்கொண்டாள். கம்போங் மேடானில் மலிவு விலை ஃபிளாட் ஒன்றில் அம்மா பிலோமினாவோடு இருந்தாள்.

இம்ரானுக்கு முப்பத்துநாலு வயது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய உயரமான கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருஷம் தனியாக இருந்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்புதான் மனைவி சுமையாவை அழைத்து வந்திருந்தான். ஆபீஸில் எல்லோருக்கும் எடுத்த உடல் பரிசோதனையில் அவனுக்குக் கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, உடம்பை அசைக்கச் சொல்லியிருந்தார். அதனால்தான் வந்தான்.

முதல் நாள், ஆண் பயிற்சியாளர் யாரும் இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். மாலை நேரத்துக்கு நான்தான் என்று வனேசா சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான். அன்றிலிருந்து அவளைக் கோச் என்றே கூப்பிட்டான். அவளும் அவன்மேல் கை வைக்காமல் ஒரு துடைப்பக் கட்டையை வைத்தே எல்லாவற்றையும் திருத்தினாள்.

அந்தக் கட்டையை முதுகோடு நெட்டுக்குத்தாகச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுப்பகுதி, முதுகெலும்பின் அடி என்று மூன்று இடமும் கட்டையில் பட்டபடியே இருக்க, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியவேண்டும். முதுகு வளைந்தால் ஏதாவது ஓரிடத்தில் கட்டை விலகிவிடும். அவனுக்கு முதலில் வரவில்லை. முட்டியை மடக்கி உட்காரவே பார்த்தான்.

"ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு. கார் கதவ எப்படிச் சாத்துவீங்க? பின்னால இடிச்சுத்தானே? அதான் இது," என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். அடுத்த முறை சரியாக வந்தது. மூச்சை எப்போது உள்ளே இழுத்து வயிற்றை இறுக்குவது, பாரம் மேலே வரும்போது எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது முறை வந்தபோது, வீட்டில் துடைப்பத்தை முதுகில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பழகியதையும், சுமையா விழுந்து விழுந்து சிரித்ததையும் சொன்னான். மூன்றாவது முறை, இருபத்துநாலு கிலோ கெட்டில்பெல்லை, பிடி வைத்த அந்த இரும்புக் குண்டை, தரையிலிருந்து பத்துத் தடவை முதுகு வளையாமல் எடுத்தான். இறக்கி வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். மாதக்கணக்கில் வந்தும் முதுகை வளைத்தே தூக்குகிறவர்கள் அங்கே இருந்தார்கள். இவன் சொன்னதைக் கேட்கிறவன் என்று வனேசா அன்றைக்கு நினைத்தாள். அவனைப் பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம்.

சனிக்கிழமை சேலஞ்ச் ஜெயராஜின் யோசனை. மாதம் ஒருமுறை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே சுற்றுப் பயிற்சியைச் செய்வார்கள். வீடியோ எடுத்து இணையத்தில் போடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கட்டாயம் இழுத்துவிடு, கூட்டத்தோடு ஒருதடவை வேர்த்துவிட்டால் அப்புறம் அவர்கள் விட்டுப் போகமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. இம்ரானுக்கு இன்னும் நாள் ஆகவேண்டும், மூன்று முறைதானே வந்திருக்கிறான் என்று வனேசா சொல்லிப் பார்த்தாள். அவனுக்கு ஏற்றமாதிரி குறைத்துக் கொடு, அதற்குத்தானே நீ இருக்கிறாய் என்று ஜெயராஜ் சொன்னார். அவள் பட்டியலில் அவன் பெயரையும் சேர்த்தாள்.

அன்றைக்கு ஆறு நிலையங்கள். கெட்டில்பெல் வீச்சு இருபது; கனமான பந்தைப் பிடித்து உட்கார்ந்தெழுந்து சுவரில் எறிவது பதினைந்து; தண்டால் பத்து; கம்பியில் தொங்கி மேலே ஏறும் புல்அப் பத்து; படுத்தெழுந்து குதிக்கும் பர்ப்பி பத்து; கடைசியில் தடித்த கயிற்றை இரண்டு கையாலும் ஒரு நிமிஷம் அலையலையாக அடிப்பது. இதெல்லாம் சேர்ந்தால் ஒரு சுற்று. அப்படி நாலு சுற்று.

அறையைக் குளிர்விக்கும் இரண்டு ஏர்கோனில் ஒன்று நாலு நாளாக ஓடவில்லை. பழுதுபார்க்கும் ஆள் திங்கட்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தான். பதினொரு மணிக்கு இருபது பேர் உள்ளே நின்றபோது கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது.

இம்ரானால் ஒரு புல்அப்கூட எடுக்க முடியாது. அதனால் வனேசா அதைக் குறைத்துக் கொடுத்தாள். அல்லது குறைத்துவிட்டதாக நினைத்தாள். ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, குதித்துத் தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்து ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்கவேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து. பாரத்தைத் தூக்குவதைவிட, அதைத் தாங்கிக்கொண்டு மெதுவாக இறக்கும்போதுதான் பழகாத தசை அதிகம் கிழியும். பலம் கூடுவதும் அதனால்தான். ஆனால் புது ஆளுக்கு அதில் ஐந்தாறு போதும். அவள் நாற்பது கொடுத்தாள். ஏன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். மற்றவர்களுக்குப் பத்து என்று பலகையில் எழுதியிருந்தது, அதையே இவனுக்கும் சொல்லிவிட்டேன் என்பதைத் தவிர அவளிடம் பதில் இல்லை.

மூன்றாவது சுற்று முடிந்ததும் இம்ரான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். முகம் சிவக்கவில்லை, வெளுத்திருந்தது. அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"கோச், போதும்னு நினைக்கிறேன்," என்றான்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான்லா, இம்ரான். இவ்வளோ தூரம் வந்துட்டு விட்டுட்டுப் போவீங்களா?"

அவள் அதை எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னாள். அப்படிச் சொல்லி எத்தனையோ பேரை எழுப்பியிருக்கிறாள். அவர்கள் எழுந்து முடித்துவிட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜெயராஜ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இம்ரான் சுவரைப் பிடித்து எழுந்தான்.

நாலாவது சுற்றில் அவள் சொல்லிக்கொடுத்த எதுவும் அவனிடம் இல்லை. முதுகு வளைந்தது, மூச்சு ஒழுங்கில்லாமல் வந்தது, கம்பியிலிருந்து ஐந்து எண்ணுவதற்குள் இரண்டிலேயே விழுந்தான். அவள் பார்த்துக்கொண்டேதான் எண்ணினாள். முடிந்தபோது எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, வெட்கத்தோடு சிரித்தான். தண்ணீர் குடித்தான். வீடு பக்கம்தான் என்று சொல்லி நடந்தே போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து செய்தி வந்தது. கையை நீட்டவே முடியவில்லை, முழங்கை மடங்கியபடியே நிற்கிறது என்று எழுதியிருந்தான். முதல் தடவை அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவள் பதில் போட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் இன்னொரு செய்தி. அவன் நிறைய நேரம் தட்டித் தட்டி அழித்திருக்கவேண்டும். ஒரு பெண்ணிடம் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும்.

"சாரி கோச். யூரின் கோலா மாதிரி கறுப்பா போகுது. நார்மலா?"

அவளுக்கு இரண்டு வகுப்புக்கு நடுவே ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சான்றிதழ் வகுப்பில் இரண்டாம் நாள், சாப்பாட்டுக்கு முன்பு, திரையில் ஒரு படம் காட்டினார்கள். வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், மஞ்சளிலிருந்து கறுப்புவரை. தசை அளவுக்குமீறிச் சிதைந்தால் சிறுநீர் இப்படி மாறும், இந்த நிறத்தைப் பார்த்தால் உடனே மருத்துவமனை என்று வகுப்பெடுத்தவர் சொன்னார். அப்புறம் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். இது அதுவாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஆறு வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. வகுப்புக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். போனை வாயருகே வைத்துப் பேசி அனுப்பினாள்.

"தண்ணி பத்தலலா, இம்ரான். வேர்த்துக் கொட்டுச்சுல்ல? மூணு லிட்டர் தண்ணி குடிங்க. வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்குங்க. ஒண்ணும் ஆகாது."

புதன்கிழமை, எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் இம்ரானுடைய மனைவி என்று ஒரு பெண் சொன்னாள். அவருக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், இங்கே பேசுவது எனக்குப் புரியவில்லை, உங்களை அவர் வரச் சொல்கிறார் என்றாள்.

வனேசா அப்போதுதான் சுமையாவை முதன்முதலாகப் பார்த்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது, ஒடிசலான பெண். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் ஒரு பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மலாய்ப் பெண். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். வனேசா அதைத் தமிழில் சுமையாவுக்குச் சொன்னாள். தசை செத்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. வலி மாத்திரைகள் அதை இன்னும் கெடுத்திருக்கின்றன. கொழுப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையும் சேர்ந்திருக்கலாம். இப்போது இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பொட்டாசியம் என்கிற உப்பு ஏறியிருக்கிறது, அது இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சிறுநீர் கறுத்த அன்றைக்கே, திங்கட்கிழமையே வந்திருந்தால், ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றியே பெரும்பாலும் சரிசெய்திருப்போம் என்றார்.

சுமையா வனேசாவின் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா சொல்றாங்க?"

"முடிஞ்ச எல்லாத்தையும் செய்றாங்களாம்," என்றாள் வனேசா.

அவளை உள்ளே இரண்டு நிமிஷம் விட்டார்கள். இம்ரானின் கைகள் வீங்கித் தோல் பளபளத்தன. கழுத்தில் தடிமனான குழாய். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தான். கோச், அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன், தப்பு என்மேல்தான், நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று மெதுவாகச் சொன்னான். இதைச் சொல்லத்தான் அவளை வரவழைத்திருக்கிறான்.

மாடியிறங்கி வரும்போது வனேசாவுக்கு உடம்பு லேசானது. அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. அவன் மாத்திரை சாப்பிட்டிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்று ரயிலில் போகும்போது தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாலு நாளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை இம்ரானின் இதயம் நின்றுபோனது. மறுபடி ஓடவைக்க முக்கால் மணி நேரம் முயன்றார்கள். ஆபீஸ் நண்பர்கள் எல்லாவற்றையும் கவனித்தார்கள். அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ராமநாதபுரத்தில் அவன் வாப்பா, ஒரு நண்பன் போனில் காட்ட, அதை வீடியோவில் பார்த்தாராம்.

மறுநாள் ஜெயராஜ் வனேசாவை ஜிம்முக்குச் சீக்கிரமே வரச் சொன்னார். சனிக்கிழமை வீடியோவை இணையத்திலிருந்து ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தார். நம்மேல் எதுவும் வராது, சேரும்போது எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களே, தன் பொறுப்பில்தான் செய்கிறேன் என்று அவனும் போட்டிருப்பான் என்றார். யாராவது விசாரிக்க வந்தால், சிறுநீர் விஷயத்தை அவன் உன்னிடம் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடு என்றார். பிறகு படிவங்கள் வைத்திருந்த கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

வனேசா அலமாரியைத் திறந்து இம்ரானின் தாளைத் தேடி எடுத்தாள். பொடிப்பொடியான, அழகான கையெழுத்து. வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு எதிரே மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரமாக என்று எல்லாம் எழுதியிருந்தான். எழுதியதை அவனே மறந்துவிட்டிருக்கிறான். கீழே, படித்துச் சரிபார்த்த பயிற்சியாளர் என்ற இடத்தில், அவளுடைய கையெழுத்து இருந்தது. முதல் நாளே போட்டது. எல்லாத் தாளிலும் அப்படித்தான் போடுவாள். படித்ததே இல்லை.

ஜெயராஜ் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"மருந்து சாப்பிடறத எழுதித்தான் குடுத்திருக்கான், பாஸ். நான்தான் படிக்கல," என்றாள்.

அவர் வந்து பார்த்தார். அப்படியானால் இந்தத் தாள் இங்கே இருக்கவேண்டியதில்லை என்றார். அவள் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலிருந்து அவர் என்னவோ சொன்னார். அவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த மாடிக்கு அவள் போகவும் இல்லை.

சுமையாவின் வீட்டுக்குப் போக அவளுக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. பிரிக்பீல்ட்ஸிலேயே பதினோராவது மாடி. கணவனின் வேலை விசாவை ஒட்டித்தான் அவளுக்கும் விசா. அது ரத்தாகும் முன் ஊருக்குப் போகவேண்டும். கணவன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் மிச்ச நாட்களை அங்கேதான் கழிக்கப்போவதாகச் சொன்னாள். அண்ணன் அழைத்துப்போக வந்திருந்தான், வெளியே போயிருந்தான். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். வெள்ளைத் துணி உடுத்திருந்தாள். வனேசாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

சுமையாவிடம் அழுகை, கோபம் எதுவும் இல்லை. தம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "அன்னைக்கு அவர் என்னென்ன செஞ்சார்? எனக்குக் காட்டுங்கக்கா," என்றாள்.

வனேசாவுக்கு முதலில் புரியவில்லை. சுமையா மறுபடி சொன்னாள். எல்லோரும் உடற்பயிற்சி, உடற்பயிற்சி என்கிறார்கள். ஊரில் கேட்கிறார்கள். அப்படி என்ன செய்தால் ஒரு ஆள் செத்துப்போவான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாள்.

வனேசா எழுந்தாள். பெட்டிகளை ஒதுக்கி இடம் பண்ணினாள். கையில் எதுவும் இல்லாமலே வீச்சைக் காட்டினாள். உட்கார்ந்தெழுந்து சுவரைப் பார்த்துக் கையை வீசினாள். தண்டால் எடுத்தாள். கதவு நிலையின் மேல்விளிம்பில் விரல்களை வைத்து, கம்பியிலிருந்து எப்படி இறங்கினான் என்று காட்டினாள். படுத்து எழுந்து குதித்தாள். கயிறடிப்பதுபோல் இரண்டு கையையும் அடித்தாள். இது ஒரு சுற்று என்றாள். மூச்சு வாங்கியது. சுமையா கட்டிலோரத்தில் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி எத்தனை?"

"நாலு."

"நடுவுல போதும்னு சொன்னாரா?"

வனேசா தரையில் உட்கார்ந்தாள். "மூணாவது முடிஞ்சு சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதில் ஒன்றை உனக்குச் சொல்லாமல் விட்டேன் என்று அதையும் சொன்னாள். திங்கட்கிழமையே வந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார். அந்தத் தாளை எடுத்து விரித்து, அவன் எழுதியதையும் தன் கையெழுத்தையும் காட்டினாள். சுமையா அவன் எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரால் சோற்றை எடுத்து வாயில் வைக்க முடியவில்லை, நான்தான் ஊட்டினேன், சின்னப்பிள்ளை ஆகிவிட்டேன் பார் என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டார் என்றாள். திங்கட்கிழமை அந்த நிறத்தை நானும் பார்த்தேன். கிளினிக்குக்குப் போகலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போதுதான் நீங்கள் பேசி அனுப்பியது வந்தது என்றாள்.

"எனக்குப் போட்டுக் காட்டினார். 'கோச்சே சொல்லிட்டாங்க பாரு, ஒண்ணும் ஆகாதாம்'னார். நான் செருப்பைக் கழட்டிட்டேன்."

வனேசா அங்கே அழவில்லை. அழுதால் சுமையா தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியது. தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். சுமையா அதை எடுக்கவில்லை. இதை வைத்து நான் என்ன செய்வேன், எனக்கு இங்கே யாரைத் தெரியும், அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவேன் என்றாள். "யார்கிட்ட குடுக்கணுமோ நீங்களே குடுங்க."

அங்கிருந்து வனேசா நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். மேசையில் இருந்த ஆளுக்கு அவள் யார்மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறாள் என்றே புரியவில்லை. என்மேல்தான் என்று மலாயில் இரண்டு முறை சொன்னாள். கடைசியில் ஒரு அதிகாரி உள்ளே அழைத்து உட்காரவைத்து எழுதிக்கொண்டார். படிவத்தையும் போனில் இருந்த செய்திகளையும் கொடுத்தாள். ஏர்கோன் ஓடாததை, நாற்பது என்ற எண்ணிக்கையை, ஜெயராஜ் சொல்லச் சொன்ன பொய்யை எல்லாம் சொன்னாள். அதிகாரி நல்ல மனிதர். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே என்று நடுவே கேட்டார். இல்லை என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது பிலோமினா சத்தம் போட்டாள். யாரும் கேட்காதபோது நீயாகப் போய் ஏன் மாட்டிக்கொள்கிறாய், உன்னை உள்ளே தள்ளினால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

உள்ளே தள்ள யாரும் வரவில்லை. ஜெயராஜையும் ஒருநாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். உறுப்பினர்களில் ஐந்தாறு பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இம்ரான் தானாகத்தான் எழுந்து போனான் என்றார்கள். அவர்கள் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கும். ஜிம் இரண்டு வாரம் மூடிக்கிடந்துவிட்டுத் திறந்தது. இன்னொரு பயிற்சியாளர் வந்தான். ஏர்கோனைப் புதிதாக மாட்டினார்கள்.

வனேசாவுக்கு வேறு ஜிம்களில் இடம் கிடைக்காமல் இல்லை. டாமன்சாராவில் ஒன்றில் சேர்ந்து நாலு நாள் போனாள். நாலாம் நாள், வயதான சீனர் ஒருவர் பலகைபோல் உடம்பை நிறுத்தும் பயிற்சியின் நடுவே மூச்சை இழுத்து முனகினார். அவள் உடனே நிறுத்தச் சொன்னாள். அவருக்கு ஒன்றுமில்லை, அப்படித்தான் எப்போதும் முனகுவாராம். அடுத்த பயிற்சியிலும் நிறுத்தச் சொன்னாள். அதற்கடுத்ததிலும். அவர் பணிவாகவே வேறு ஆளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது கிள்ளானில், துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறாள். லோரியில் வரும் பெட்டிகளைச் சரிபார்த்து வாங்கி அடுக்கவேண்டும். வேலைக்கு வரும் பங்களாதேஷ் ஆட்கள் முதுகை வளைத்துத் தூக்குவதைப் பார்ப்பாள். சில நாள் வாய்வரைக்கும் வரும். சொல்லமாட்டாள்.

நவம்பரில் அந்த அதிகாரி கூப்பிட்டார். மருத்துவ அறிக்கை வந்துவிட்டது, கோப்பை மேலே அனுப்பி அவர்களும் பார்த்துவிட்டார்கள், குற்றம் என்று நடவடிக்கை எடுக்க இதில் எதுவும் இல்லை, முடித்துவிட்டோம் என்றார். எனக்கு என்ன என்று கேட்டாள். உங்களுக்கு ஒன்றுமில்லை, நிம்மதியாக இருங்கள் என்றார். தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளையில், கிடங்கின் பின்புறம் லோரிகள் திரும்பும் இடத்தில் நின்று சுமையாவின் ஊர் எண்ணுக்கு அழைத்தாள். முதலில் வேறு ஒரு பெண் எடுத்தாள், மாமியாராக இருக்கலாம். யார் என்று கேட்டுவிட்டுப் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வனேசா விஷயத்தைச் சொன்னாள். வழக்கு இல்லை என்றாகிவிட்டது, வேறு எங்கேயாவது எழுதிப் போட முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

சுமையா முழுக்கக் கேட்டாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, இருக்கிறேன் என்றாள். இத்தா முடிய இன்னும் சில நாள்தான், முடிந்ததும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ கேட்டு அழுதது, யாரோ அதட்டினார்கள்.

"அக்கா, எங்கயும் எழுதிப் போட வேணாம். இனிமே எனக்குப் போனும் பண்ணாதீங்க," என்றாள் சுமையா. "திட்டிச் சொல்லல. ஆனா வேணாம்."

வனேசா சரி என்றாள். சுமையாதான் முதலில் போனை வைத்தாள். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவள் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மூன்று லோரிகள் வந்தன. ஆட்கள் குறைவாக இருந்ததால் அவளும் இறங்கிப் பெட்டிகளைத் தூக்கி வைத்தாள்.